கதவக்கா சொல்லாமல் விட்ட சொல்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி இருபத்திரண்டு வருஷமாக அவள் எல்லோருக்கும் கதவக்கா. ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் தீவிர சிகிச்சை வார்டுக்கு ஒரு கதவு உண்டு. மேலே வட்டக் கண்ணாடி, கீழே ஸ்ட்ரெச்சர் இடித்து இடித்துப் பெயர்ந்த பெயிண்ட். கதவுக்கு உள்ளே இருப்பவர்களால் பேச முடியாது. வெளியே பத்து பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பவர்களால் பேசாமல் இருக்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் நீலக் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்பதுதான் அவள் வேலை.

தரை துடைக்கத்தான் முதலில் சேர்ந்தாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று யாரோ கண்டுபிடித்ததால் துடைப்பம் போய் பேனா வந்தது. காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை. டாக்டர் வார்டைச் சுற்றி முடித்ததும் ஒரு தாளில் கட்டில் எண்ணுக்கு நேராக ஒரே ஒரு இங்கிலீஷ் சொல் எழுதிக் கொடுப்பார். ஸ்டேபிள், அன்ஸ்டேபிள், கிரிட்டிக்கல், இந்த மூன்றில் ஒன்று. அதை நோட்டில் ஏற்றி, வெளியே வந்து சொந்தக்காரரிடம் நம் பாஷையில் சொல்லி, சொன்னதற்கு அடையாளமாக ஒரு கையெழுத்து வாங்க வேண்டும். கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். ஒரு வாரம் நின்று பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

முதல் சொல்லிலும் மூன்றாம் சொல்லிலும் அவளுக்குச் சிக்கல் இல்லை. முதல் சொல்லைச் சொன்னால் கும்பிடுவார்கள், மூன்றாவதைச் சொன்னால் அழுவார்கள். நடுவில் இருக்கிற அன்ஸ்டேபிள்தான் பிராணனை வாங்கியது. சேர்ந்த புதிதில் தலைமை நர்ஸிடம் போய் அர்த்தம் கேட்டாள். அந்த அம்மாள் டீ டம்ளரை மேஜை விளிம்பில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக வைத்துக் காட்டினாள். "விழவும் இல்ல, நேரா நிக்கவும் இல்ல. எந்தப் பக்கம் போகும்னு நமக்கே தெரியாது. அதான்" என்றாள். பிறகு டீ வீணாகிவிடும் என்று எடுத்துக் குடித்துவிட்டாள்.

அன்றிலிருந்து அந்தச் சொல் கதவக்காவின் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. சக்கரம் ஆடுகிற தள்ளுவண்டியின் கைப்பிடியில் அதே சொல்லை எழுதிக் கட்டி ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். கரண்ட் ஏறி இறங்கிய நாளில் எலக்ட்ரீஷியன் சுவிட்சுப் பெட்டியின் மேல் அதையே ஒட்டிவிட்டுப் போனான். குளிர்ப்பெட்டியை விட்டு வெளியே வைத்தால் கெட்டுப்போகிற மருந்தின் டப்பாவிலும் அது இருந்தது. ஒரு முறை, சும்மா சும்மா எரிந்து விழுகிற ஒரு சின்ன டாக்டரைப் பற்றி இன்னொரு டாக்டர் ரகசியமாக அதே சொல்லைச் சொன்னார். தள்ளுவண்டிக்கும் மனுஷனுக்கும் ஒரே சட்டையை மாட்டுகிறார்களே என்று கதவக்கா தலைமை நர்ஸிடம் சொல்லிச் சிரித்தாள். ஆனால் தள்ளுவண்டிக்காக யாரும் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருப்பதில்லை என்ற வித்தியாசமும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

அகராதியில் என்ன போட்டிருந்தால் என்ன, அந்த வார்டில் அந்தச் சொல்லுக்கு நடைமுறை அர்த்தம் ஒன்றுதான். சொந்தக்காரர் எங்கேயும் போகக் கூடாது, கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்க வேண்டும். அதைத்தான் அவள் சொல்லியாக வேண்டும். எப்படிச் சொல்வது என்பதற்குக் கைவசம் பல வழி வைத்திருந்தாள். படபடப்புக்காரர்களிடம் "கொஞ்சம் ஏறி இறங்குது" என்பாள். சண்டைக்காரர்களிடம் "டாக்டர் கூடவே நின்னு பாக்குறாரு" என்பாள். வயதானவர்களிடம் "இன்னும் பிடி கிடைக்கல" என்பாள். எப்படிப் பூசி மெழுகினாலும் கடைசியில் "இங்கயே இருங்க" என்று முடிப்பாள். அந்த ஒரு வாக்கியத்தை ஒருநாளும் விட்டதில்லை, ஒரே ஒரு நாள் தவிர.

அந்த ஒரு நாளைச் சொல்வதற்கு முன்னால் அவளுடைய இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். நோட்டை அவள் முதலிலேயே நிரப்பிவிடுவாள். டாக்டரின் தாள் கைக்கு வந்ததும் பன்னிரண்டு கட்டிலுக்கும் சொல்லை மடமடவென்று எழுதிவிட்டு, அப்புறம்தான் வெளியே வந்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவாள். சொல்லிவிட்டு எழுத வேண்டும் என்பது விதி. எழுதிவிட்டுச் சொன்னால் வேலை சீக்கிரம் முடிகிறது. இருபது வருஷத்தில் இதனால் ஒரு குடியும் முழுகிப் போகவில்லை. அதனால் அதைத் தப்பு என்றே அவள் நினைக்கவில்லை.

நாலாம் கட்டிலில் ஒரு லாரி ஓட்டுநர் இருந்தான். நெஞ்சில் சளி கட்டி, அது முற்றிப்போய்க் கொண்டுவந்திருந்தார்கள். அவன் மனைவி தையல்காரி. ஐந்து நாளாக மூன்றாவது நாற்காலியை விட்டு அவள் நகரவில்லை. கழிப்பறைக்குப் போவதென்றால்கூட பக்கத்து நாற்காலிக்காரரிடம் இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் போவாள். மடியில் யாருடைய கால்சட்டையாவது இருக்கும், கீழ்விளிம்பை மடித்துக் கையாலேயே தைத்துக்கொண்டிருப்பாள். கை சும்மா இருந்தால் மனசு கண்டதையும் நினைக்கிறது என்பாள். கதவக்காவின் கோட்டுக் காலர் நைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, கடை விலாசம் அச்சடித்த அட்டை ஒன்றைக் கொடுத்து, எல்லாம் நல்லபடியாக முடிந்ததும் ஒருநாள் வாங்கக்கா, புதுக் காலர் வைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தாள்.

நாலாம் நாள் தாளில் ஸ்டேபிள் வந்தது. தையல்காரி அன்று முதன்முதலாகச் சிரித்தாள். ஐந்தாம் நாள் மதியம் மறுபடி அன்ஸ்டேபிள். கதவக்கா அதை நோட்டில் எழுதிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்றே முக்கால்.

அன்று அவள் வீட்டில் மகள் வந்திருந்தாள். வெளியூரில் வாக்கப்பட்டவள், பிள்ளை பெற்ற பிறகு முதல் முறையாக வந்திருந்தாள். ஒரே ஒரு நாள்தான், நாலு மணிக்கு ரயில். ஆறு மாதக் குழந்தையைக் கதவக்கா போட்டோவில்தான் பார்த்திருந்தாள். முதல் நாள் ராத்திரி தாமதமாக வந்ததால் குழந்தை தூங்கிவிட்டது, காலையில் இவள் கிளம்பும்போதும் அது தூக்கத்தில் இருந்தது. இரண்டு பத்து பஸ்ஸைப் பிடித்தால் நாற்பது நிமிஷம் கொஞ்சலாம். அதை விட்டால் அடுத்த பஸ் மூன்றேகாலுக்கு. பதினோரு பேரிடம் சொல்லிக் கையெழுத்து வாங்கியாயிற்று. கோட்டைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள். பாக்கி இருந்தது தையல்காரி ஒருத்திதான்.

உள்ளதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்கு அத்துப்படி. நேற்று நன்றாக இருக்கிறார் என்றீர்களே என்பாள், கையைப் பிடித்துக்கொள்வாள், அழுவாள், டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பாள். டாக்டரைத் தேடிப் பிடித்துக் கூட்டிவர அரை மணி ஆகிவிடும். தையல்காரி எழுந்து வந்து, "இன்னைக்கு எப்படிக்கா இருக்காரு?" என்று கேட்டபோது கதவக்காவின் ஒரு கண் படிக்கட்டில் இருந்தது.

"நேத்து மாதிரிதான் இருக்காரு. பயப்பட ஒண்ணுமில்ல" என்றாள்.

இதோடு நின்றிருந்தால்கூடப் போகட்டும் என்று விடலாம். தையல்காரி தன் கசங்கிய உடுப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டு, "அப்ப நான் வீட்டுக்குப் போயி குளிச்சிட்டு, அவருக்கும் மாத்துத்துணி எடுத்துக்கிட்டு வந்துரட்டுமாக்கா?" என்றாள். அனுமதி கேட்கிறாள். கதவக்கா போ என்றால் போவாள், இரு என்றால் இருப்பாள்.

"போயிட்டு வாங்கம்மா. அஞ்சு நாளாச்சு, நீங்களும் மனுஷிதானே."

நோட்டை நீட்டினாள். தையல்காரி கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் இருந்த இங்கிலீஷ் எழுத்தை அவளால் படிக்க முடியாது. படிக்கத் தெரிந்தவர்களும் அந்தக் கட்டத்தைப் பார்த்ததில்லை. கதவக்கா இரண்டு இரண்டு படியாக இறங்கி ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தாள். குழந்தை அவள் மூக்கைப் பிடித்து இழுத்தது, சிரித்தது, மடியை நனைத்தது. மூன்று இருபதுக்கு மகள் ஆட்டோவில் ஏறினாள்.

அதே மூன்று இருபதுக்குத்தான் நாலாம் கட்டில் ஓய்ந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் கதவைத் தள்ளியபோது கட்டிலில் சலவை மடிப்புக் கலையாத விரிப்பு கிடந்தது. முந்தின நாள் மதியம் அவனுக்குக் கொஞ்சம் நினைவு வந்ததாம், கதவுப் பக்கம் பார்த்து "அவ எங்க?" என்று கேட்டானாம். பகல் ஷிப்ட் நர்ஸ் நாற்காலிகள் பக்கம் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போன் போட்டிருக்கிறாள். எடுக்கவில்லை. தையல்காரி குளித்துக்கொண்டிருந்தாள். தலைக்கு நிதானமாகத் தண்ணீர் விட்டுக் குளித்திருக்கிறாள், பயப்பட ஒன்றுமில்லை என்று தெரிந்ததால். ஐந்து மணி வாக்கில் ஈரத் தலையோடு, இஸ்திரி போட்ட சட்டையும் கையுமாக வந்து நின்றாளாம்.

இதைக் கேட்டபோது கதவக்கா உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். யாரிடம் சொல்வது என்று யோசிப்பதற்குள் மூன்று நாள் ஓடிவிட்டது.

நாலாம் நாள் இறப்புத் தாள்கள் வாங்குவதற்காக தையல்காரியும் செத்தவனின் அக்காவும் வந்தார்கள். அக்காக்காரி தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். துக்கத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் தம்பி பெண்டாட்டி தலையில் இறக்கிக்கொண்டிருந்தாள். சாகப் போகிற மனுஷனைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாளே என்று நாற்காலியில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னாள். தையல்காரி மெல்ல, கதவக்கா போகச் சொன்னதாகச் சொன்னாள். தலைமை நர்ஸ் நோட்டை எடுத்து வந்து விரித்தாள். நாலாம் கட்டில், ஐந்தாம் நாள், அன்ஸ்டேபிள். பக்கத்தில் தையல்காரியின் கையெழுத்து. இதற்கு அர்த்தம் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பது, சொல்லித்தான் கையெழுத்து வாங்குவோம் என்று அக்காக்காரிக்கு விளக்கினாள். பிறகு கதவக்கா பக்கம் திரும்பினாள். "சொன்னீங்கதானே?"

"எழுதியிருக்கறதத்தான் சொன்னேன், சிஸ்டர்."

நாக்கு பிசகவில்லை, குரல் நடுங்கவில்லை. அதுதான் அவளுக்கே பிற்பாடு பயமாக இருந்தது. தையல்காரி அவளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். சண்டைக்கு வரப்போகிறாள் என்று கதவக்கா நினைத்தாள். அவளோ நோட்டைப் பார்த்தாள், தன் கையெழுத்தை விரலால் தொட்டாள். எழுத்தில் இருப்பது பொய்யாகாது என்று நம்புகிற ஜாதி அவள்.

"ஆமா அண்ணி. கதவக்கா சொல்லித்தான் இருப்பாங்க. நான்தான் மனசுல வாங்கிக்கல. வீட்டுக்குப் போற நெனப்புல இருந்திருக்கேன்."

அதன் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. பதிவை இவ்வளவு ஒழுங்காக வைத்திருந்ததற்காகத் தலைமை நர்ஸ் கதவக்காவை மற்றவர்கள் முன்னால் பாராட்டினாள். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அன்று முதல் கதவக்கா மாறிப்போனாள். ஏறி இறங்குது, பிடி கிடைக்கல எல்லாம் போயிற்று. எழுதுவதற்கு முன்னால் வெளியே வந்து, எந்தப் பக்கம் போகும் என்று தெரியாது, இங்கேயே இருங்கள் என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னாள். கல் நெஞ்சுக்காரி என்று நாற்காலிகளில் முணுமுணுத்தார்கள். நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டாள். வீட்டிலோ அதைவிட மோசம். மகள் போனில் குழந்தையைக் காட்டும்போதெல்லாம் இவளுக்கு அந்த நாற்பது நிமிஷம் நினைவுக்கு வரும். அது தவழ்ந்தபோதும் வந்தது, நடந்தபோதும் வந்தது. ஒரு குழந்தையைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்க முடியாத பாட்டி உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

இரண்டு வருஷம் போயிற்று. ஓய்வு பெற நாலு மாதம் இருக்கும்போது, ஒரு விடுமுறை நாளில், அலமாரியில் கிடந்த அந்தக் கடை அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சும்மா போக முடியாதே. கோட்டிலிருந்து ஒரு பொத்தானைத் தானே பிய்த்துப் போட்டுவிட்டுப் போனாள். மருந்துக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில், ஒரு மெஷினும் ஒரு நீளக் கண்ணாடியும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் கொள்கிற அளவுக்குக் கடை. தையல்காரி பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு, "வாங்கக்கா" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், டீ வாங்கி வந்தாள். முகத்தில் கோபத்தின் சாயலே இல்லை. கோபம் இருந்திருந்தால் கதவக்கா சொல்லியிருப்பாள். பொத்தானைத் தைத்து வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் திரும்பினாள்.

அடுத்த வாரம் கோட்டுப் பையைக் கிழித்து எடுத்துக்கொண்டு போனாள். அதற்கடுத்த வாரம் காலர். ஒவ்வொரு முறையும் வாசல் வரை சொல் வரும், உள்ளே போனதும் கூலி எவ்வளவு என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள். சொன்னால் அக்காக்காரி காதுக்குப் போகும், அவள் ஆஸ்பத்திரிக்கு வந்து நிற்பாள், இருபத்திரண்டு வருஷப் பெயர் சந்தி சிரிக்கும். இந்தக் கணக்கும் அவள் மனசில் ஓடியது, அதை மறைப்பதற்கில்லை.

தையல்காரி காலர் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் கதவக்கா தையல் மெஷின் ஓரத்தில் கிடந்த போனைக் கவனித்தாள். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, வாயை ரப்பர் வளையத்தால் இறுக்கி, மாட்டுவதற்கு ஒரு கயிறும் கட்டியிருந்தது. மழைக்காலம்கூட இல்லையே, எதற்கு இது என்று கேட்டாள்.

"குளிக்கப் போனாலும் கொண்டு போயிருவேன்க்கா. ஆணியில மாட்டிட்டுத்தான் தண்ணி ஊத்துவேன்" என்றாள் தையல்காரி, மெஷினை மிதித்தபடி. "இப்ப யாரு கூப்பிடப் போறா. இருந்தாலும் மனசு கேக்க மாட்டேங்குது. அண்ணியும் இன்னும் பேசறதில்ல. ஞாயித்துக்கிழமை வருவாங்க, போட்டோவைப் பாத்துட்டுப் போயிருவாங்க. அவங்களக் குத்தம் சொல்ல முடியாது. நீங்க அவ்வளவு சொல்லியும் எந்திரிச்சுப் போனேன்னா நான் எப்படிப்பட்ட பொம்பளைன்னு எனக்கே புரியல."

கதவக்கா டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நான் சொல்லலம்மா."

மெஷின் நின்றது.

"நோட்டுல எழுதினேன். உங்ககிட்டச் சொல்லல. பயப்பட ஒண்ணுமில்லன்னேன், போயிட்டு வாங்கன்னேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அப்படிச் சொன்னேன். வீட்டுல பேரப்புள்ள வந்திருந்துச்சு. அப்புறம் அத்தனை பேரு முன்னாடியும் பொய் சொன்னேன். நீங்க கேட்டது சரிதான். உங்க காதுல ஒரு குத்தமும் இல்ல."

தையல்காரி மெஷின் மேல் கிடந்த சாக்குக்கட்டியை எடுத்து, வெட்டிப்போட்டிருந்த ஒரு கறுப்புத் துணியில் ஏதோ கிறுக்கினாள். இங்கிலீஷ் எழுத்துகள். கோணல்மாணலாக, ஒன்றிரண்டு தலைகீழாக இருந்தாலும் எல்லாம் வரிசையில் இருந்தன. அன்று நோட்டில் பார்த்ததை அப்படியே மனசில் பிடித்து வைத்திருந்தாள். அர்த்தம் யாரிடமும் கேட்கத் தைரியம் வரவில்லையாம்.

"நர்ஸம்மா அண்ணிகிட்ட என்னமோ சொன்னாங்க, அன்னைக்கு எனக்கு எதுவும் ஏறல. இதுக்கு என்னக்கா அர்த்தம்? நீங்க சொல்லுங்க."

எத்தனையோ பேருக்கு எத்தனையோ விதமாகச் சொன்னவள்தான். இந்த ஒருத்திக்குச் சொல்ல அவளுக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"விழுந்துரும்னும் சொல்ல முடியாது, நின்னுரும்னும் சொல்ல முடியாது. எந்தப் பக்கம் போகும்னு தெரியாது. அதனால பக்கத்துலயே இருங்க, எங்கயும் போகாதீங்கன்னு அர்த்தம்."

"இதச் சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேன்."

"போயிருக்க மாட்டீங்க."

தையல்காரி அழுதாள். அந்தக் கறுப்புத் துணியை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதாள். எடுத்தபோது கன்னமெல்லாம் வெள்ளைச் சாக்குப் பொடி. கதவக்கா எழுந்து பக்கத்தில் போனாள், தொடுவதற்குக் கை வரவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள் என்று கேட்க நினைத்து, கேட்டே விட்டாள்.

"தெரியலக்கா" என்றாள் தையல்காரி. குரலில் கோபமும் இல்லை, கனிவும் இல்லை. "எந்தப் பக்கம் போகும்னு எனக்கே தெரியல."

முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் உறையைப் பிரித்துப் போனை எடுத்தாள். அண்ணிக்குத்தான் போன் போட்டாள். கடைக்கு வரச் சொன்னாள், ஆஸ்பத்திரி அக்கா வந்திருக்கிறார்கள், அவர்கள் வாயாலேயே ஒன்று கேட்க வேண்டும் என்றாள். வேலை முடிந்து ஐந்து மணிக்கு வருவதாக அந்தப் பக்கம் பதில் வந்தது. மணி அப்போது இரண்டு.

"அண்ணி வர்ற வரைக்கும் இங்கயே இருங்க. எங்கயும் போகாதீங்க" என்றாள்.

கதவக்கா அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு பத்து பஸ் கடை வாசலில் வந்து நின்றது, இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போயிற்று. தையல்காரி காலரை மெஷினில் வைத்து விட்ட இடத்திலிருந்து தைக்கத் தொடங்கினாள். ஐந்து மணிக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது.